குப்பை இறங்காத படிக்கட்டு

குளியலறைக்குள் காலை வைக்கச் சர்வேயருக்கு இடம் கிடைக்கவில்லை. தரையே இல்லாத அறையில் காலை எங்கே வைப்பது?

வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். டைல்ஸ் முழுவதும் பெயர்க்கப்பட்டுச் செங்கல் தெரிந்த சுவர். பள்ளமாகக் கொத்திய தரை. மூலையில் கழிவுக்குழாயின் வாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் தண்ணீர்க் குழாய்களின் வாய் மூன்று. நாலு வாயிலும் பழைய துணியை உருட்டி இறுக்கமாக அடைத்திருந்தது.

“பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வெச்சுட்டு டாக்டர் ஓடிப்போன மாதிரி இருக்கு, தலைவரே,” என்றான் தகரம்.

தகரம் சர்வேயரின் உதவியாளன். அவன் வாயைத் திறந்தால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம் என்று யாரோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட பெயர். சர்வேயருக்கு அந்தப் பட்டம் பழைய உத்தியோகத்திலிருந்து வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் மூழ்கிய கிடங்குகளையும் சுற்றிப் பார்த்து, நஷ்டம் நிஜமா நாடகமா என்று சொல்லும் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள், பெரும்பாலும் போலீஸ் சிரித்து அனுப்பிய வழக்குகளோடு.

“ஸ்டேஷன்ல என்ன சொன்னாங்க?” என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

“பிளம்பர் ஓடிப்போறதெல்லாம் ஒரு கேஸாம்மான்னாங்க,” என்றாள் வீட்டுக்காரியான தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அதைக் கழற்ற மறந்து ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தவள் போலிருந்தாள். “எங்க வீட்டுக்கும் ஒரு பிளம்பர் தேவைப்படுது, கண்டுபிடிச்சா சொல்லுங்கன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு.”

“நியாயமான போலீஸ்,” என்றான் தகரம்.

கூடத்தில் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. டைல்ஸ் பெட்டிகள், குழாய்ப் பெட்டிகள், சுவரில் பதிக்கும் கைப்பிடிக் கம்பிகள். எல்லாவற்றுக்கும் மேலே கமோடின் படம் போட்ட பெரிய பெட்டி. இளம் பச்சை நிறம். பழைய புடவை ஒன்றால் அத்தனையையும் தூசு படாமல் மூடி வைத்திருந்தாள்.

“பச்சை கொஞ்சம் விலை ஜாஸ்திதான் சார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்ததிலேர்ந்து கண்ணும் சரியில்லை. வெள்ளைத் தரையில வெள்ளைக் கமோடு வெச்சா தெரியாதாம். நிறமா இருந்தா தடவிக்கிட்டு வந்துடுவார்னு வார்டு சிஸ்டர் சொன்னாங்க.”

அவள் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவரை அனுப்புகிறார்கள். எங்கே அனுப்புவது என்பதுதான் இப்போது கேள்வி. சக்கர நாற்காலி நுழைகிற கதவு, படியில்லாத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, இவை இருக்கும் குளியலறையின் போட்டோவைக் காட்டினால் வீட்டுக்கு. காட்டாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள காப்பகத்துக்கு. பார்க்கப் போவதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அங்கே போனவர் யாரும் திரும்பி வீட்டுக்கு வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

“பிளம்பர்கிட்ட கொடுத்தது எவ்வளவும்மா?”

“இருந்ததை எல்லாம்.” அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள். “நான் துணி வெட்டற கணக்குல பட்ஜெட் போட்டுட்டேன் சார். சட்டைன்னா முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாம் முதல்ல வெட்டிப்போம். உள்ள போற பட்டிக்கு மிச்சத் துணியே போதும். வெளியில தெரியாதுல்ல? அதே மாதிரி டைல்ஸ், கமோடு, குழாய், கம்பின்னு கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் முதல்ல வாங்கிட்டேன். சுவத்துக்குள்ள போற பைப்புக்கு மிச்சம் இருந்ததைக் கொடுத்தேன். அந்த ஆளும் போதும்னுதான் சொன்னார். போன வாரத்திலேர்ந்து ஆளைக் காணோம். போன் எடுக்கலை. குடியிருந்த ரூமையும் காலி பண்ணிட்டார்.”

அப்போது அவள் கைபேசி அடித்தது. வார்டிலிருந்து. யாரோ அவர் காதருகில் பிடித்திருக்க வேண்டும். மூச்சு வாங்கும் சத்தம் கூடம் வரை கேட்டது. பிறகு ஒரே ஒரு சொல்.

“எப்போ?”

“வேலை நடக்குதுங்க,” என்றாள் தையல்காரம்மா. “சாப்பிட்டீங்களா? மருந்தைத் துப்பக்கூடாது, என்ன?” வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தெளிவா வர்றது அந்த ஒரு வார்த்தைதான் சார். அந்தப் பணம் கிடைச்சா வேற ஆளை வெச்சாவது ராப்பகலா முடிச்சுடலாம். கண்டுபிடிச்சுக் கொடுங்க.”

சர்வேயர் குளியலறை வாசலில் விரித்திருந்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் முறுக்கும் சாவிகள், ரம்பம், சுத்தி, உளி எல்லாம் அதில் வரிசையாகக் கிடந்தன.

“இது யாருது?”

“அந்த ஆளோடதுதான்.”

“தகரம், ஒரு திருடன் பணத்தோட ஓடறான். சோறு போடற சாமானை விட்டுட்டு ஓடுவானா?”

“அவசரத்துல பையை மறந்திருப்பான் தலைவரே.”

“பை எங்கே இருக்கு? சாமான் மட்டும்தான் இருக்கு. பையைக் காணோம்.”

தகரம் சாக்கைத் தூக்கிப் பார்த்தான். பை இல்லை. சர்வேயர் குளியலறைக்கு வெளியே, குழாய்கள் இறங்கும் செங்குத்துப் பொந்தின் மூடியைத் தட்டினார். ஓரத்தில் சிமென்ட் புதிதாகப் பூசி, வழித்து, மழமழப்பாக்கியிருந்தது.

“இன்னொண்ணும்மா. இவ்வளவு உடைச்சிருக்கான். குப்பை எங்கே?”

“அதை மட்டும் குறை சொல்ல முடியாது சார். நான் பகலெல்லாம் வார்டுல இருப்பேன். சாயங்காலம் வந்தா வீடு துடைச்ச மாதிரி இருக்கும். ரொம்பச் சுத்தமான ஆளு.”

“சுத்தமாத் துடைச்சுட்டுத்தான் போயிருக்கான்,” என்று தகரம் முணுமுணுத்தான்.

கீழே, படிக்கட்டின் அடியிலேயே இஸ்திரிக் கடை. மாடிக்கு ஒரு பூனை ஏறினாலும் இஸ்திரிக்காரர் மேஜையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். அவர் ஒரு வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டையில் மும்முரமாக இருந்தார். தலைக்கு மேலே, மேல்தளத்தை ஒட்டிப் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. அதன்மேல் தூசு கனமாகப் படிந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு வாளி. வாளி நிறையச் சட்டை மாட்டும் கம்பிகள்.

“வாளியில மீன் வளர்த்திருக்கலாமே அண்ணே, கம்பி வளர்க்கறீங்க,” என்றான் தகரம்.

“தண்ணி இருந்தப்ப சொல்லியிருக்கணும் தம்பி. அக்கா வீட்டுக் கழிவுத் தண்ணி வருஷக்கணக்கா இங்கதான் சொட்டிக்கிட்டு இருந்தது. எத்தனை கஸ்டமர் சட்டைக்கு நான் தண்டம் கட்டியிருக்கேன் தெரியுமா? இப்ப கொஞ்ச நாளா சொட்டு இல்லை.”

“மேல யாரும் தண்ணி புழங்கலை, அதான்,” என்றான் தகரம்.

“அக்கா முன்பக்கத்துக் குழாயில பிடிச்சுச் சமையல்கட்டுலதான் குளிக்கிறாங்க, துவைக்கிறாங்க. அந்தத் தண்ணியும் அதே பொந்து வழியாத்தானே இறங்கணும்? இறங்குது. சொட்டத்தான் மாட்டேங்குது.”

சர்வேயர் பிளாஸ்டிக் தாளின் தூசில் விரலால் ஒரு கோடு இழுத்தார். காய்ந்த தூசு. “பிளம்பர் குப்பை மூட்டை இறக்கறதைப் பார்த்தீங்களா?”

“ஒரு மூட்டை இறங்கலை சார். இறங்கியிருந்தா இந்த வெள்ளைச் சட்டையெல்லாம் காக்கிச் சட்டையாயிருக்கும். நான் விட்டிருப்பேனா? சாயங்காலமானா தோள்ல பையை மாட்டிக்கிட்டு இறங்குவார், அவ்வளவுதான். பாவம், அந்தப் பை அப்படிக் கனக்கும். சாமானெல்லாம் இரும்பு பாருங்க.”

தகரம் வாயைத் திறந்தான். சர்வேயர் கையைக் காட்டி அடக்கினார்.

“வேற எதுவும் இறங்கலையா?”

“பழைய கமோடு ஒண்ணு இறங்கிச்சு. துணியைச் சுத்தி, பிறந்த குழந்தையைத் தூக்கற மாதிரி மார்போட அணைச்சுத் தூக்கிட்டுப் போனார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புகூட இல்லை.”

தெருவுக்கு வந்ததும் தகரத்தால் பொறுக்க முடியவில்லை. “சாமானெல்லாம் மேல சாக்குல கிடக்கு. அப்ப பைக்குள்ள என்ன இருந்திருக்கும், தலைவரே? குப்பையா?”

“வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவன் தினமும் குப்பையைத் தோள்ல தூக்கிட்டுப் போவானா?”

“எங்க மாமா போவார். எதையும் தூக்கிப் போட மனசு வராது அவருக்கு.”

“பழைய கமோடை யாராவது துணி சுத்தித் தூக்குவாங்களா?”

“தாலாட்டுகூடப் பாடியிருப்பான்.” சொல்லிவிட்டுத் தகரம் நின்றான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. “தலைவரே, அப்ப கூடத்துல இருக்கற பெட்டி?”

“முதல்ல கடைக்குப் போவோம். பெட்டி மேல கடைப் பேர் ஒட்டியிருந்தது.”

கடை பெரியது. வாசலிலிருந்து உள்ளே போகும் வழி நெடுக யாருடையதும் அல்லாத குளியலறைகள் இரண்டு பக்கமும் நின்றன. தண்ணீர் வராத குழாய்கள், யாரும் முகம் பார்க்காத கண்ணாடிகள். நடுவில் ஒரு மேடை. மேடையில் இளம் பச்சைக் கமோடு. கழுத்தில் ‘விற்றாகிவிட்டது’ என்ற அட்டை.

“இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?” என்று சர்வேயர் கடை முதலாளியிடம் கேட்டார்.

“பச்சையா? வரவழைச்சது ஒண்ணே ஒண்ணு சார். ஒரு அம்மா கேட்டாங்கன்னு. போய்ட்டுத் திரும்பி வந்துடுச்சு. திரும்பி வந்ததைக் குறைச்ச விலைக்குப் போட்டேன், காலையிலதான் ஒருத்தர் எடுத்தார்.”

“கமோடெல்லாம் கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்கு வருமா?” என்றான் தகரம்.

“பிளம்பருங்க கொண்டு வருவாங்க தம்பி. திருப்பிக் கொடுத்தா நான் எடுத்துப்பேன். ஆனா காசு தரமாட்டேன். அந்த மதிப்புக்கு வேற பொருள்தான்.”

“இதுக்குப் பதிலா என்ன பொருள் போச்சு?”

முதலாளியின் கண் பின்வாசல் பக்கம் போனது. பின்வாசலில் ஒரு சுமையாள் நீளக் குழாய்க் கட்டு ஒன்றைத் தோளில் கொண்டுவந்து இறக்கினான். தலையில் துண்டு, முகமெல்லாம் சிமென்ட் தூசு. சர்வேயரின் பார்வை அங்கே போய் நின்றது. மற்ற சுமையாட்கள் இறக்கிய கட்டுகள் தரையில் கிடந்தபடி கிடந்தன. இவன் ஒரு செங்கல்லைக் காலால் தள்ளி, கட்டின் நுனியை அதன்மேல் ஏற்றி வைத்தான். கீழே கிடந்த காகிதத்தைக் கிழித்து உருட்டி, ஒவ்வொரு குழாயின் வாயிலும் செருகினான். மண் போகாமல்.

சர்வேயர் அவன் அருகே போனார்.

“சாமானெல்லாம் அந்தம்மா வீட்டு வாசல்லயே கிடக்கு. எப்ப வந்து எடுத்துக்கப் போறீங்க, பிளம்பர்?”

அவன் ஓடவில்லை. கையிலிருந்த காகித உருண்டையைக் கடைசிக் குழாயிலும் செருகி முடித்துவிட்டு, அந்தக் கட்டின்மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

“அந்தம்மா வந்திருக்காங்களா?”

“இல்லை.”

“நல்லவேளை.”

“தள்ளி நில்லுங்க, ஓடப்போறான்,” என்று தகரம் வழியை மறித்தான்.

“எங்கே தம்பி ஓடறது? இங்க பட்ட கடனுக்குத்தான் சுமக்கறேன்.” துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். “எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்கு சார். குறைச்சுச் சொன்னாத்தான் வேலை கிடைக்கும். சுவத்தை உடைச்சதும் மிச்சத்தைக் கேட்டுக்கலாம். பாத்ரூம் இல்லாம யார் எத்தனை நாள் இருப்பாங்க? எப்படியாவது புரட்டிக் கொடுத்துடுவாங்க. அந்தம்மாகிட்டயும் குறைச்சுத்தான் சொன்னேன்.”

“அந்த அட்வான்ஸ் எங்கே?”

“அதுக்கு முந்தின வீட்டு பாத்ரூம்ல இருக்கு.”

தகரம் கடையைச் சுற்றிப் பார்த்தான், அங்கே எங்காவது தென்படுமா என்பது போல.

“அந்த வீட்டுக்காரர் கொடுத்தது அதுக்கு முந்தின வீட்டுல போச்சு,” என்றான் பிளம்பர். “இவங்க பணத்துல அவங்க வேலையை முடிப்பேன், அடுத்தவங்க பணத்துல இவங்க வேலையை முடிப்பேன். இத்தனை வருஷமா அப்படித்தான் ஓடிச்சு. யாருக்கும் குறை வெச்சதில்லை. நடுவுல இந்த முதலாளி கடனுக்குச் சாமான் கொடுத்துத் தாங்குவார். இந்தத் தடவை நிறுத்திட்டார். அடுத்த வேலையும் வரலை. வரிசையில கடைசியா நின்னது அந்தம்மா.”

“கமோடு? டைல்ஸ்?”

“பொந்தைத் திறந்தேன். பழைய இரும்புப் பைப், கை வெச்சா அப்பளம் மாதிரி உதிருது. மேல் தொட்டியிலேர்ந்து தெருச் சாக்கடை வரைக்கும் மொத்தமும் அதே கதி. அப்படியே மூடிட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கலாம். பலபேர் அதைத்தான் செய்வாங்க. படியில்லாத தரை சார் அது. ஒருதடவை அடைச்சு எதிர்த்து வந்தா, நாற்காலியில இருக்கற மனுஷன் காலைத் தூக்கக்கூட முடியாது. மிச்சம் கேட்கலாம்னு சாயங்காலம் காத்துக்கிட்டு இருந்தேன். அந்தம்மா வந்து, இதுதான் கடைசி, இதுக்கு மேல விக்க எங்கிட்ட தையல் மெஷின்தான் இருக்குன்னு சிரிச்சாங்க. நான் கேட்கலை.”

“அதனால அவங்க பொருளை நீயே வித்துட்டே.”

“மாத்தினேன். தினமும் பையில டைல்ஸ் இங்க வரும், பைப் அங்க போகும். காலியான பெட்டியில உடைச்ச குப்பையை அடுக்கி ஒட்டினேன், கனம் தெரியணுமே. அடுத்த அட்வான்ஸ் வந்ததும் எல்லாத்தையும் மீட்டு அதே பெட்டியில வெச்சுடலாம்னு இருந்தேன். கமோடுதான் கடைசி. அதுக்குத்தான் தெருவுல போய்ச் சேர்ற பைப் கிடைச்சுது. அப்பவும் பத்தலை.” அவன் கடைக்குள் கையைக் காட்டினான். “மீதிக்குத்தான் இது. சாமான் வாங்கிக் கொடுங்க சார், கூலி இல்லாம ராவும் பகலும் செஞ்சு தர்றேன்.”

சர்வேயர் முதலாளியிடம் திரும்பினார். முதலாளி கல்லாவைத் தொட்டபடி தலையை ஆட்டினார். “இவனை நம்பித் தாங்கினதுல நானே தள்ளாடிக்கிட்டிருக்கேன். இதுக்கு மேல பொருள் வெளியே போகாது சார்.”

திரும்பும் வழியில் தகரம், “போலீஸ்ல சொல்லலாமா?” என்றான்.

“சொல்லலாம். பிடிப்பாங்க. அவன் பையைத் தலைகீழாக் கொட்டினாலும் ஒரு டைல்ஸ் விழாது.”

“அந்தம்மா நமக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடலாம் தலைவரே.”

“கொடுக்கத்தான் போறோம்.”

“அதுல ஒரு குழாய் வரும். திறந்தா தண்ணி வரும். நிக்கத் தரைதான் இருக்காது.” வழக்கமாக இப்படி ஒன்றைச் சொன்னால் அவனே முதலில் சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை.

தையல்காரம்மா கதவைத் திறந்தபோது பெட்டிகளின் மேலிருந்த புடவையை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாள். வேறொரு பிளம்பர் ஒத்துக்கொண்டாராம். பாதிப் பணம் முன்னால் வைத்தால் இன்றே வருவாராம். “கிடைச்சானா சார்?”

“கிடைச்சான்மா.”

“பணம்?”

சர்வேயர் நஷ்டம் சொல்லும் வேலையில் முடி நரைத்தவர். எரிந்த கடைக்காரர்களிடம் சொல்வது போலவே, எதையும் கூட்டாமல், குறைக்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் பாதியிலேயே எழுந்துபோய் மேல் பெட்டியின் ஒட்டைக் கிழித்தாள். உள்ளே பழைய கமோடின் துண்டுகள், உடைந்த டைல்ஸ், காரைக் கட்டிகள். ஆட்டினாலும் கலகலக்காதபடி இடுக்குகளில் துணி வைத்திருந்தது. அவளுடைய வெட்டுத் துணிகள்தான்.

“நல்லாத்தான் அடுக்கியிருக்கான்,” என்றாள்.

அடுத்த பெட்டியை அவள் திறக்கவில்லை. குளியலறை வாசலுக்குப் போய், நாலு துணி உருண்டைகளையும் பார்த்தபடி நின்றாள். தகரம் அவளுக்குப் பின்னால் போய் நின்றான்.

“பைப்பு நல்லாப் போட்டிருக்கானா சார்?”

“நல்லாப் போட்டிருக்கான்மா. கீழ்க்கடையில சொட்டு நின்னுடுச்சு.”

“எத்தனை வருஷம் வரும்?”

“ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். துணிக்கு விலை சொன்னால் கேட்டுக்கொள்பவள் போல. சர்வேயர் அட்வான்ஸ் இருந்த உறையைத் தையல் மெஷின் மேல் வைத்தார். மெஷினை அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். “இதை வித்தா கமோடு வரும் சார். தரை வராது. நீங்க சொல்லும்போதே கணக்குப் போட்டுட்டேன். இதுவும் போச்சுன்னா அந்த ரெண்டு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க முடியாது.”

கைபேசி அடித்தது. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். மூச்சுச் சத்தம். நாக்கைத் திரட்டும் முயற்சி. அந்த ஒரு சொல் வருவதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

“குழாய் வேலை முடிஞ்சிருச்சுங்க. ஆமாங்க, எல்லாம் புதுசு. ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லையாம்.”

“எப்போ?” என்றது கைபேசி.

சர்வேயர் கண்ணைக் காட்டினார். தகரம் பச்சைக் கமோடின் படம் போட்ட பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தான். படிக்கட்டு முழுவதும் காரைத் தூள் சிந்தியது. கீழே இஸ்திரிக்காரர் அவசரமாக வெள்ளைச் சட்டைகள்மீது துணியைப் போர்த்தினார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

“அட, குப்பை இறங்குதே! வேலை மறுபடி ஆரம்பிச்சாச்சா தம்பி? ஆஸ்பத்திரியிலேர்ந்து அண்ணன் எப்போ வர்றார்?”

தகரம் பெட்டியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, அவரைத் தாண்டித் தெருவுக்கு இறங்கிப் போனான்.